டிஸ்க் வாங்கி வீட்டில் பார்த்து விமர்சனம் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் இருந்துகொண்டு, காசு கொடுத்து வாங்குகிற டிவிடி, ப்ளூ-ரே பற்றி எழுதுகிறேன் என்பது தெரிந்த நாளிலிருந்து பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கடைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாமல், தன் காசில் வாங்கிப் பார்க்கிற சாதாரண ஆளுக்குத்தான் இந்தப் பதில்கள்.

"படம் நல்லா இருக்கா இல்லையான்னு எழுதினா போதாதா அண்ணே? டிஸ்க்கைப் பத்தி எழுத என்னா இருக்கு?"

படம் நல்லதா கெட்டதா என்று அது தியேட்டரில் ஓடும்போதே ஊர் பேசி முடித்துவிட்டது. பத்து வருடம் கழித்து அதன் டிவிடியைக் கையில் எடுக்கிறவருக்கு வேறு விஷயம் தெரிய வேண்டும். இந்தக் கொப்பி முழுசா? முகம் தெளிவாகத் தெரிகிறதா? பாட்டெல்லாம் இருக்கிறதா? கேட்கிற காசைக் கொடுக்கலாமா? ஒரே படத்தை மூன்று கம்பெனி போட்டிருக்கும். கதை ஒன்றுதான், டிஸ்க் மூன்றும் மூன்று தினுசு.

கதையைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தாண்டினால் பிரதியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை எழுதத்தான் ஆள் இல்லை.

"இப்ப எல்லாம் போன்லயே வருது. இன்னும் டிவிடி வாங்குறவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் திரும்பினால் சிக்னல் போய்விடுகிற தோட்டங்கள் இன்னும் நிறைய. டேட்டா கார்டு போட்டு மூன்று மணி நேரப் படம் பார்ப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. இன்றைக்கு ஆப்பில் இருக்கிற படம் அடுத்த மாதம் உரிமம் முடிந்து காணாமல் போகும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அங்கே கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் யாரோ டிவியிலிருந்து பிடித்த கொப்பியாக இருக்கும்.

விலையையும் பாருங்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு ப்ளூ-ரே அதில் பல நாளை விழுங்கிவிடும். அப்படி வாங்கப் போகிறவர், ஏற்கனவே வாங்கிய ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்கினால் நல்லதுதானே.

"நான் சினிமா படிச்சவன் இல்ல. நான் எழுதினா யாரு வாசிப்பா?"

வாங்க நினைக்கிறவர் வாசிப்பார். அவருக்கு இயக்குநரின் தத்துவம் தேவையில்லை. "இரண்டாவது டிஸ்க் பாதியில் சிக்குகிறது", "கிளைமாக்ஸ் முழுக்க கம்பெனி முத்திரை மூலையில் நிற்கிறது" என்று இரண்டு வரி எழுதினால் அதற்கே நன்றி சொல்வார். இதற்குக் கண்ணும் காதும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி.

"என்னென்ன சாமான் வேணும் எழுத?"

உங்களிடம் இருப்பதே போதும், ஆனால் என்ன இருக்கிறது என்பதை விமர்சனத்தில் சொல்லுங்கள். "32 அங்குல டிவி, சாதாரண டிவிடி பிளேயர், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்" என்று ஒரு வரி. மஞ்சள் வயரில் பார்த்த படம் எச்டிஎம்ஐ வயரில் பார்த்ததை விட மங்கலாகத்தான் இருக்கும். அந்தக் குறை டிஸ்க்கின் தலையில் விழக்கூடாது.

டிவியைக் கொஞ்சம் சரி செய்யுங்கள். கடையில் பளபளவென்று தெரிவதற்காக 'டைனமிக்', 'விவிட்' என்று ஒரு அமைப்பில் வைத்திருப்பார்கள். அதை 'மூவி' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள், அது சினிமாவை டிவி நாடகமாக்கிவிடும். லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

"டிஸ்க்கைப் போட்டதும் முதல்ல எதைப் பார்க்கணும்?"

நான் முதலில் பார்ப்பது தணிக்கைச் சான்றிதழ். இந்தியப் படம் என்றால் தொடக்கத்தில் அது வரும். ஏன் என்று கீழே நேரக் கணக்குக் கேள்வியில் சொல்கிறேன். அப்புறம் டைட்டில் எழுத்துகள். ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால் படத்தின் ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள்.

அதன்பின் மூன்று இடங்களுக்குத் தாவிப் போங்கள்: ஓர் இரவுக் காட்சி, ஒரு மழை அல்லது புகைக் காட்சி, கூட்டமாக ஆடுகிற ஒரு பாட்டு. மோசமான டிஸ்க் இந்த மூன்றிலும் மாட்டிக்கொள்ளும். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் எந்த டிஸ்க்கும் நன்றாகத்தான் தெரியும். இவ்வளவும் பார்த்துவிட்டு, பிறகு நிம்மதியாக முதலிலிருந்து முழுப் படத்தையும் பாருங்கள். முழுக்கப் பார்க்காமல் எழுதக்கூடாது. சிக்கல் வெளி விளிம்பில்தான் அதிகம். தகவலை ஒரே அடுக்கில் பதிந்த டிஸ்க் உள்ளேயிருந்து வெளியே ஓடுவதால் கடைசி அரை மணி நேரத்தில்தான் பல்லைக் காட்டும், இரண்டு அடுக்கில் பதிந்தது பெரும்பாலும் நடுப்பகுதியில் காட்டும்.

"மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி வருது. படத்தை வெட்டிட்டாங்களா?"

இல்லை, வெட்டாததால்தான் பட்டி வருகிறது. சினிமாஸ்கோப் படத்தின் வடிவம் ஏறத்தாழ 2.35:1. உங்கள் டிவி 16:9, அதாவது 1.78:1. அகலப் படத்தை முழுசாகக் காட்டினால் மேலும் கீழும் இடம் மிஞ்சும். பட்டியே இல்லாமல் திரை நிறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கமும் நறுக்கியிருப்பார்கள், அல்லது இழுத்து நீட்டியிருப்பார்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய படங்கள் பெரும்பாலும் பழைய டிவி போலக் கிட்டத்தட்ட சதுரம். அவற்றுக்கு அகல டிவியில் இடமும் வலமும் கறுப்பு விழுவதே சரி. திரையை நிரப்ப வேண்டுமென்று இழுத்துவிட்ட டிஸ்க்கில் எம்.ஜி.ஆர். முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றிருக்கும். முதலில் உங்கள் டிவி ரிமோட்டில் 'ஜூம்', 'வைட்' ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமலும் அகன்றால் டிஸ்க்கின் குறை, தைரியமாக எழுதலாம்.

நாலு பக்கமும் கறுப்பு விழுந்து படம் நடுவில் சின்னதாக நின்றால் அது பழைய சதுர டிவிக்காகத் தயாரித்த டிஸ்க். ஜூம் செய்து பார்க்கலாம், தெளிவு குறையும். இதையும் ஒரு வரி எழுதுங்கள். கவரில் இதை எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை.

"ஒரே டிவிடில மூணு படம் இருக்கு, மலிவா இருக்கு. ஆனா ஆடும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமா ஆகுது. ஏன்?"

இடப் பற்றாக்குறை. ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. டிவிடியின் படத்துக்கு ஒரு விநாடிக்கு 9.8 மெகாபிட் தகவல் வரை கொடுக்கலாம். மூன்று மணி நேரப் படம் ஒன்றை ஓர் அடுக்கில் வைத்தால், ஒலியையும் சேர்த்து விநாடிக்குச் சராசரி மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். சமாளிக்கலாம். அப்படி மூன்று படத்தை இரண்டு அடுக்கில் திணித்தால் இரண்டு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆட்டம், மழை, வண்ணப்பொடி என்று வந்தால் அது போதாது, கட்டம் விழும்.

விசிடி இன்னும் பாவம். புள்ளிக் கணக்கில் 352க்கு 288, ஒரு டிஸ்க்கில் 74 நிமிடத்துக்கு மேல் அதிகம் பிடிக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று விசிடி வந்தது. விசிடியை டிவிடியோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். வேறொரு விசிடியோடு ஒப்பிடுங்கள்.

இப்படி மலிவு டிஸ்க் வாங்கலாமா என்றால், சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வாங்கலாம். பிடித்த படத்தை வைத்துக்கொள்ள வாங்காதீர்கள்.

"மகள் டுபாய்லயிருந்து டிவிடி கொண்டாந்தா. நம்ம மெஷின்ல போட்டா 'தவறான ரீஜன்'ங்குது. டிஸ்க் கெட்டதா?"

கெட்டதில்லை. டிவிடி உலகத்தை வலயம் வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் 5. வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூரும் மலேசியாவும் 3. அவுஸ்திரேலியா 4. கனடா 1. சவூதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த பிளேயர் நம் வீடுகளில் நிறைய. அதில் 2ஆம் வலய டிஸ்க் ஓடும், கொழும்பில் வாங்கிய 5ஆம் வலய டிஸ்க் முரண்டு பிடிக்கும். உங்களுக்கு நடந்தது அதன் மறுபக்கம். வெளிநாட்டுத் தமிழரை மனதில் வைத்து வந்த தமிழ் டிவிடிகள் நிறைய எல்லா வலயத்திலும் ஓடும்படிதான் வந்தன. வம்பு அதிகம் ஆங்கிலப் படங்களில்தான்.

ப்ளூ-ரேக்கு மூன்றே வலயம்: நமக்கு சி, ஐரோப்பா, வளைகுடா, அவுஸ்திரேலியாவுக்கு பி, அமெரிக்கா, சிங்கப்பூர், ஜப்பானுக்கு ஏ. 4கே டிஸ்க்குக்கு வலயமே இல்லை. சில டிவிடி பிளேயர்களில் ரிமோட்டால் வலயத்தை மாற்றலாம். கம்ப்யூட்டர் டிரைவில் ஐந்து தடவைதான் மாற்ற விடும், கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும், கவனம். விமர்சனத்தில் வலய எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். கவரின் பின்பக்கம் சின்ன உலகப் படத்துக்குள் இருக்கும்.

"கவர்ல 160 நிமிஷம்னு இருக்கு, மெஷின்ல 153தான் காட்டுது. ஏழு நிமிஷத்தை யார் தின்னா?"

பெரும்பாலும் யாரும் தின்னவில்லை. சினிமா விநாடிக்கு 24 அசையாப் படம் ஓடும். நமக்குப் பழக்கமான பால் (PAL) என்ற டிவி முறை விநாடிக்கு 25. பால் டிஸ்க் போடும்போது படத்தை 25இல் ஓடவிட்டுவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். 160ஐ 0.96ஆல் பெருக்கினால் 153 நிமிடம் 36 விநாடி. ஆக முழுப் படமும் இருக்கிறது, கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது. பாட்டின் சுருதியும் அரை ஸ்வரத்தை விடச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். ரேடியோவில் கேட்டுப் பழகிய காது கண்டுபிடித்துவிடும். அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க்கில் இந்த வேக மாற்றம் கிடையாது, அங்கே ஏழு நிமிடம் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

இங்கேதான் தணிக்கைச் சான்றிதழ் உதவுகிறது. பிலிம் காலத்துச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,390 மீட்டர் என்றிருந்தால் 27.4ஆல் வகுங்கள், 160 நிமிடம் வரும். பால் டிஸ்க் என்றால் அதையும் 0.96ஆல் பெருக்குங்கள். அதற்கும் கீழே போனால்தான் வெட்டு. கவரில் போட்டிருக்கும் நிமிடத்தை நான் நம்புவதே இல்லை, பலதில் கண்ணை மூடிக்கொண்டு அச்சடித்திருக்கிறார்கள்.

"அப்ப பாட்டை வெட்டிட்டாங்கன்னு எப்பிடி நிச்சயமாச் சொல்றது?"

மேலே சொன்ன கணக்கைப் போட்டு ஐந்து நிமிடம் இடித்தால் முதலில் பாட்டைத் தேடுங்கள். பாட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஓடும். டிஸ்க்கின் மெனுவில் பாட்டுப் பட்டியல் இருந்தால் அதையும் கேசட்டிலோ சீடியிலோ வந்த பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். கேசட்டில் வந்தும் படத்தில் வராத பாட்டுகள் உண்டு. படம் ஓடத் தொடங்கிய பிறகு நீளம் என்று தயாரிப்பாளரே குறைத்ததும் உண்டு. தியேட்டரில் பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

நிச்சயமில்லாவிட்டால் "சான்றிதழ்க் கணக்குக்கு ஐந்து நிமிடம் குறைகிறது" என்று மட்டும் எழுதுங்கள். அது உண்மை. "பாட்டைத் திருடிவிட்டார்கள்" என்பது உங்கள் ஊகம்.

"எங்க வீட்டுல டிவி ஸ்பீக்கர் மட்டுந்தான். சவுண்டைப் பத்தி எழுதலாமா?"

எழுதலாம். வசனம் புரிகிறதா, பாட்டு வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறதா, உதடும் சத்தமும் ஒத்துப் போகிறதா, பின்னால் இரைச்சல் கேட்கிறதா. இதெல்லாம் டிவி ஸ்பீக்கரிலேயே தெரியும். ஆறு ஸ்பீக்கரில் பிரிந்து வரும் 5.1 ஒலி பின்பக்கம் எப்படிச் சுற்றுகிறது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். 1960களின் படத்துக்குக் கவரில் 5.1 என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அந்தப் படங்களின் ஒலி மோனோ, ஒரே தடம். அதைப் பிரித்துப் பரப்பும்போது பல டிஸ்க்கில் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலி வந்துவிடுகிறது. பழைய மோனோ தடத்தையும் டிஸ்க்கில் வைத்திருந்தால் அதைப் பாராட்டி எழுதுங்கள்.

"சரியா நடுவுல ஒரு செக்கன் நின்னு ஓடுது. கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாமா?"

ஒரே இடத்தில், ஒரு தடவை மட்டும், அரை விநாடி அல்லது ஒரு விநாடி நின்றால் அது இரண்டு அடுக்கு டிவிடியில் லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதுக்கு மாறும் இடம். குறை இல்லை. பல இடத்தில் நின்றால், கட்டம் சிதறினால், முதலில் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் தேய்க்காதீர்கள். பிறகு வேறொரு வீட்டுப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் சிக்கினால் டிஸ்க். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் பிளேயரின் லென்ஸ். இந்தச் சோதனை செய்யாமல் "டிஸ்க் சரியில்லை" என்று எழுதக்கூடாது.

"நுவரெலியா குளிர்ல, ஈரத்துல டிஸ்க் கெட்டுப்போகுதே. எப்பிடி வைக்கிறது?"

மலையகத்தில் சேர்க்கிறவருக்கு இதுதான் பெரிய தலைவலி. கொழும்பில் எழுதும் ஆட்கள் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. டிஸ்க்குகளைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும், கவர் காகிதம் ஊறி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் போட்டு, நிமிர்த்தி அடுக்குங்கள். நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் கிடைத்தால் நல்லது. ஈரம் குடித்துவிட்டதை நிறமே காட்டும், காய வைத்துத் திரும்பப் போடலாம். குளிரில் கிடந்த பிளேயரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே போடாதீர்கள். லென்ஸில் நீராவி படிந்திருக்கும், ஒரு மணி நேரம் விடுங்கள்.

எந்த டிஸ்க் எங்கே பலவீனம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விசிடியில் அலுமினியப் பூச்சு லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. மேல்பக்கம் கீறினாலோ பால்பொயின்ட் பேனாவால் பெயர் எழுதினாலோ கதை முடிந்தது. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவில், கொஞ்சம் பாதுகாப்பு. ப்ளூ-ரேயில் கீழ் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில். மேலே கடினமான பூச்சு இருந்தாலும் ஆழக் கீறினால் தப்பாது. பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியத்தை ப்ளூ-ரேயில் செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் பிளேயரின் வயரை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் வயரையும் கழற்றுங்கள்.

"அப்பா காலத்து வீடியோ கேசட் ஒரு பெட்டி இருக்கு. தூக்கிப் போடவா?"

பொறுங்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாக நூல் நூலாக இருந்தால் பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் ஹெட்டும் கெட்டு, அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருப்பவற்றை மட்டும் ஓடவிட்டு என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இந்தியப் படத்துக்கு வேறு கொப்பி கிடைக்கும். 1982இல் தொடங்கிய ரூபவாஹினியிலிருந்து யாராவது பிடித்து வைத்த நிகழ்ச்சியோ, வி.பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) மாதிரி நம் நாட்டுத் தமிழ்ப் படமோ இருந்தால் அந்தக் கேசட் தங்கம். அதைப் பற்றி எழுதும்போது படத்தின் மங்கலை மன்னித்துவிடலாம்.

"திருட்டு டிஸ்க்குக்கும் விமர்சனம் எழுதலாமா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

நான் எழுதுவதில்லை. எழுதினால் அது அந்த வியாபாரத்துக்கு விளம்பரம். "இந்தப் பெயரில் போலி உலாவுகிறது, கவர் இப்படி இருக்கும்" என்று எச்சரிக்கலாம், அது வாங்குகிறவருக்கு உபகாரம்.

அடியில் ஊதா அல்லது பச்சை சாயம் தெரிந்தால் அது வீட்டில் கம்ப்யூட்டரில் பதிந்த டிஸ்க். தொழிற்சாலையில் அச்சடித்தது வெள்ளி நிறத்தில் இருக்கும். இரண்டு அடுக்கு என்றால் கொஞ்சம் பொன் நிறம். உள்வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு தொடர் எண் பொறித்திருக்கும், அதன் பக்கத்தில் பெரும்பாலும் ஐஎஃப்பிஐ (IFPI, இசைப்பதிவுக் கம்பெனிகளின் உலகச் சங்கம்) என்ற குறியும் இருக்கும். கவர் தண்ணீர் பட்டால் கரைகிற அச்சு என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் வெள்ளியாக அச்சடித்த போலியும் இருக்கிறது. வெள்ளி நிறம் ஒன்றை மட்டும் வைத்து நல்லது என்று சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

"ப்ளூ-ரேன்னு வாங்கினேன். பார்த்தா டிவிடி மாதிரியே இருக்கே?"

டிவிடியையே ஊதிப் பெருக்கி ப்ளூ-ரேயில் போட்டிருக்கலாம். முழு எச்டி 1920க்கு 1080 புள்ளி, பால் டிவிடி 720க்கு 576. கணக்குப் போட்டால் சரியாக ஐந்து மடங்கு. உண்மையான ப்ளூ-ரேயில் சேலையின் நெசவு, தாடி மயிர், தூரத்துக் கடைப் பலகை எழுத்து எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பெருக்கியதில் ஓரம் மட்டும் கூர்மையாக, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு போலத் தெரியும், உள்ளே மொழுமொழுவென்று இருக்கும். டிவிடி இருந்தால் இரண்டிலும் ஒரே காட்சியை நிறுத்திப் பாருங்கள், பேச்சே தேவையில்லை.

'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்ற வார்த்தைக்கும் இதே சோதனைதான். பிலிமின் மணல் மணலான தன்மையைக் குறை என்று நினைத்து வழித்தெடுத்து, நடிகர்களை மெழுகுப் பொம்மையாக்கியிருப்பார்கள். கீறல் போனதற்குப் பாராட்டுங்கள், முகம் போனதற்குத் திட்டுங்கள்.

"விமர்சனத்துல டிஸ்க் கவரையும் ஒரு ரெண்டு காட்சியையும் போட்டோ எடுத்துப் போடலாமா? கேஸ் கீஸ் வருமா?"

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்துவதை ஏற்றுக்கொள்கிறது. கட்டம் விழுவதைக் காட்ட ஒரு நிழற்படம் அந்த அளவுக்குள் அடங்கும் என்பது என் கருத்து. முழுப் பாட்டையும் ஏற்றிவிட்டு "விமர்சனம்" என்று பெயர் வைப்பது வேறு சங்கதி.

"தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஸ்கிரீன் கட்டி இந்த டிஸ்க்கைப் போடலாமா?"

டிஸ்க் வீட்டில் பார்க்க மட்டும் என்றுதான் விற்கிறார்கள், தொடக்க எச்சரிக்கையிலேயே அது இருக்கும். ஊருக்குக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். காலங்காலமாகக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்பீர்கள். தெரியும். கேள்வி கேட்டீர்கள், பதில் சொன்னேன்.

"கடைக்காரர் தெரிஞ்ச மாமா. குறை எழுதினா மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவாரே?"

டிஸ்க்கின் குறை அவர் குறை இல்லை. அவர் அச்சடிக்கவில்லை. கடையின் பெயரை விட்டுவிட்டு, கம்பெனியின் பெயரையும் டிஸ்க்கின் எண்ணையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடமே சொல்லிவிடுங்கள்: "மாமா, இந்த டிஸ்க் ஒரு மணி பத்தில் சிக்குது, மாத்தித் தாங்க." மாற்றிக் கொடுத்தால் அதையும் எழுதலாம்.

ஓசியில் கொடுத்தால்தான் கஷ்டம். வாங்கியவனுக்கு வருகிற எரிச்சல் ஓசிக்காரனுக்கு வராது. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "இது இனாமாக வந்தது" என்று முதல் வரியில் போடுங்கள்.

"எத்தனை ஸ்டார் கொடுக்கிறது?"

படத்துக்கு ஒன்று, டிஸ்க்குக்கு ஒன்று என்று தனித்தனியாக. இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். அருமையான படம், நாசமான டிஸ்க் என்பதற்கு மூன்று ஸ்டார் போட்டால் அதில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எனக்கு ஸ்டாரே வேண்டாம். "முழு விலைக்கு வாங்கலாம்", "பழைய டிஸ்க் கடையில் கிடைத்தால் வாங்கலாம்", "வேண்டாம்" என்று மூன்றே தரம் வைத்திருக்கிறேன்.

"நான் நல்லா இருக்குன்னு எழுதினதை நம்பி ஒருத்தர் வாங்கிட்டு, பாட்டே இல்லைன்னு சண்டைக்கு வாறார். என்கிட்ட இருக்கிறதுல பாட்டு இருக்கே?"

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒரே கவரில், ஒரே கம்பெனி, வேறு வருடத்தில் வேறு பிரதியிலிருந்து அச்சடித்திருக்கும். முதல் தடவை இரண்டு அடுக்கில் போட்டதை, பிறகு செலவைக் குறைக்க ஓர் அடுக்குக்குச் சுருக்கியதும் உண்டு. இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் வைத்து, போலி பற்றிய பதிலில் சொன்ன உள்வளைய எண்ணைப் படியுங்கள். பெரும்பாலும் அதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். எண் ஒன்றாகவே இருந்தால் அவரது பிளேயர் மெனுவைத் தாண்டிப் போகிறதா, வேறு அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறதா பாருங்கள்.

அவரது எண்ணையும் வாங்கி, உங்கள் பழைய விமர்சனத்துக்குக் கீழே தேதி போட்டுச் சேர்த்துவிடுங்கள்: இந்த எண்ணில் பாட்டு உண்டு, அந்த எண்ணில் இல்லை. மேலே எழுதியதை அழிக்க வேண்டாம். இனி எழுதும் ஒவ்வொன்றிலும் வலயம், பால் அல்லது என்டிஎஸ்சி, ஓடும் நேரம் ஆகியவற்றோடு இந்த வளைய எண்ணையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். டிஸ்க்கை லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் எண் தெரியும். பார்வை மங்கியவர்கள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.